தேக்கும் நரையும்

தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஊரை நினைவூட்டும் பழம்பொருள் ஒன்றேனும் காணப்படும். சிலர் வீட்டில் அது குத்துவிளக்கு. சிலர் வீட்டில் மரப்பெட்டி. இன்னும் சிலர் வீட்டில் பாட்டனார் அமர்ந்திருந்த தேக்குச் சாய்வு நாற்காலி. டில்லியிலாயினும், மும்பையிலாயினும், திருவனந்தபுரத்துக் கரமனையிலாயினும், நகரத்து வீட்டின் இட நெருக்கடியால் அந்நாற்காலி கூடத்தைவிட்டு மெல்ல மெல்ல வெளியேறி, மொட்டை மாடிக்கோ முற்றத்துக்கோ சென்று சேர்ந்துவிடுகிறது. ஓராண்டு வெயிலும் மழையும் பட்டபின் அதன் பொன்னிறம் போய்ச் சாம்பல் நிறம் வந்துவிடுகிறது. வீட்டார் திடுக்கிடுகின்றனர். மரம் உளுத்துவிட்டது என்கிறார் ஒருவர். வார்னிஷ் பூசாமல் விட்டதன் பலன் இது என்கிறார் மற்றொருவர். முன்னோர் பொருளைக் காக்கத் தவறிவிட்டோமோ என்ற உறுத்தல் எல்லாருக்கும் எழுகிறது.

தேக்கு நரைப்பது கேடா? அதன்மேல் பூச்சுப் பூசி மூடுவது நன்றா? இவ்வினாவுக்கு விடை காணத் தச்சரிடம் செல்லுமுன் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். அதற்கு ஏற்ற இடம் திருவனந்தபுரம். ஆண்டுக்கு இருமுறை பருவமழை பெய்யும் ஊர் அது. ஓர் ஆண்டில் அங்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். அத்தகைய ஈரத்திலும் மரத்தால் மாளிகை எழுப்பி, அதை நூற்றாண்டுக் கணக்கில் நிலைக்கச் செய்த மக்களின் அனுபவத்தை விடச் சிறந்த ஆசான் வேறு யாது?

முதலில் தேக்கு என்னும் பெயரையே நோக்குவோம். தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்ளும் இச்சொல், மேற்குக் கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் வாயில் 'தெக்கா' ஆயிற்று; அவர்களிடமிருந்து ஆங்கிலம் சென்று 'டீக்' ஆயிற்று. கொச்சியில் டச்சுக்காரரின் தளபதியாயிருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் பெருநூலிலும் இம்மரம் நம் நாட்டுப் பெயராலேயே இடம்பெற்றுள்ளது. பெயர் பயணம் செய்வதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மரம் பயணம் செய்துவிட்டது. எகிப்து நாட்டின் செங்கடற் கரையில் ரோமானியர் காலத்தில் சிறந்திருந்த பெரெனிகே துறைமுகத்தை அகழ்ந்தபோது, பழங்கலங்களிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டடங்களில் மறுபடி பயன்படுத்திய தேக்கு மரங்கள் கிடைத்தன. தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடும் அவ்வூரிலேயே கிடைத்திருக்கிறது.

மரத்தின் இயல்பை நம் முன்னோர் நுணுகி அறிந்திருந்தனர். உள்ளே வைரம் பாய்ந்ததை 'மரம்' என்றும், பனை தெங்கு போல வெளியே வைரம் கொண்டதைப் 'புல்' என்றும் தொல்காப்பியம் பகுத்துரைக்கிறது. உள்வைரத்துக்கு அகக்காழ் என்று பெயர். இச்சொல்லை நினைவில் இருத்துவோம். தேக்கின் வாழ்வும் தாழ்வும் இந்த அகக்காழைப் பொறுத்தே அமைகின்றன.

திருவிதாங்கூர் நாட்டில் தேக்கு அரசுக்குரிய மரம். ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவையும் அவ்வாறே. தன் நிலத்தில் தானாக வளர்ந்த தேக்கேயாயினும், அரசின் அனுமதியின்றி அதைக் குடிமகன் வெட்டலாகாது. ஆதலின் எளிய மக்களின் வீடுகளுக்குப் பலாவும் அயினியும் பயன்பட்டன. அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் தேக்குச் சென்றது. நாஞ்சில் நாட்டில் ஒரு குடும்பத்துக்குத் தேக்கு நாற்காலி வாய்த்ததென்றால், அது சிறிய செய்தியன்று. அதைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியதன் காரணமும் இதுவே.

அந்த அரச மாளிகைகளுள் இரண்டினைக் காண்போம். முதலாவது பத்மநாபபுரம் அரண்மனை. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை திருவிதாங்கூர் மன்னர்கள் இங்கிருந்தே ஆண்டனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, அரண்மனை நின்ற மண் தமிழகத்தைச் சேர்ந்தது. அரண்மனையோ கேரள அரசின் பொறுப்பிலேயே தொடர்ந்தது. இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்தின் நடுவே நிற்கும் அதனைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் மாநில எல்லை கடந்து திருவனந்தபுரம் எழுந்தருளித் திரும்புகின்றனர். ஊர்கள் இரண்டாயினும் மரபு ஒன்றே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மற்றொன்று, அத்தெய்வங்கள் சென்று சேரும் கோட்டைக்குள்ளேயே, பத்மநாபசுவாமி ஆலயத்தின் அருகே உள்ள புத்தன் மாளிகை. இசைப் பேரறிஞராகிய மன்னர் சுவாதித் திருநாள் 1840-களில் எழுப்பியது. வெளிப்புறத்தில் கூரையைத் தாங்கும் மரத் தாங்கிகளில் 122 குதிரைகள் செதுக்கப்பட்டிருப்பதால், இதனைக் குதிரை மாளிகை என்றே மக்கள் வழங்குவர். 1846-இல் மன்னர் மறைந்தபின் மாளிகை நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. ஆயினும் அக்குதிரைகள் இன்றும் நிற்கின்றன.

இவ்விரு மாளிகைகளையும் காணச் செல்பவர் சிற்பத்தை மட்டும் நோக்காமல் கூரையையும் நோக்குதல் வேண்டும். செங்குத்தாகச் சரிந்த ஓட்டுக் கூரை சுவரைத் தாண்டி நெடுந்தொலைவு நீண்டு இறங்குகிறது. அந்த இறவாரத்தின் நிழலில்தான் தூண்களும், உத்தரங்களும், சாய்ந்த அழிகளையுடைய பலகணிகளும் உள்ளன. மழை நேரே மரத்தில் அறைவதில்லை. சாரல் பட்டாலும் அழிகளின் ஊடே ஓடும் காற்று அதை விரைவில் உலர்த்திவிடுகிறது. தூண்களின் அடியிலோ கல் இருப்பதால், மண்ணின் ஈரம் மரத்தில் ஏறுவதில்லை. மேலே கூரை, நடுவே காற்று, கீழே கல் என்னும் இம்மூன்றுமே கேரளத் தச்சர்களின் முதன்மையான மரக்காப்பு. எண்ணெயும் மெருகும் அவற்றுக்குப் பின்னர் வந்த துணைகளே.

கூரையே இல்லாத இடத்தில் அவர்கள் என்ன செய்தனர்? அதற்கு விடை கோயிற் கொடிமரத்தில் இருக்கிறது. வானமே கூரையாக நிற்பது கொடிமரம். அதற்குத் தேர்ந்த தேக்கை வெட்டிக் கொணர்ந்து, பட்டை நீக்கிச் செப்பனிட்டு, மூலிகைகள் சேர்த்த எண்ணெய் நிறைந்த நீண்ட தோணியில் மாதக் கணக்கில் ஊறவைப்பர். பின்னர் அதனை நிறுத்திச் செம்பாலும் பொன்னாலும் ஆன தகடுகளைப் போர்த்துவர். இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. 2017-ஆம் ஆண்டு சபரிமலையில் நிறுவிய புதிய கொடிமரத்துக்குக் கோன்னிக் காட்டுத் தேக்கைக் கொணர்ந்து எண்ணெயில் ஊறவைத்தே பயன்படுத்தினர். மரத்தை மூடுவதென்றால் அம்முன்னோர் அதை முற்றாக மூடினர். இயலாதாயின் கூரைக்குக் கீழே காற்றாட விட்டனர். தூரிகையால் மெல்லிய படலம் ஒன்றைத் தடவிவிட்டு, மழையில் நிறுத்தும் இடைவழியை அவர்கள் நம்பவில்லை.

இனிக் கடல் வழியே சற்றுச் செல்வோம். தோட்டத்தில் இடும் தேக்கு இருக்கைகளின் கதை அங்கேதான் பிறக்கிறது. நெப்போலியனுடன் நிகழ்ந்த போர்களின் காலத்தில் இங்கிலாந்தில் கப்பல் கட்டும் ஓக் மரம் அருகிவிட்டது. மேற்குக் கரையின் தேக்கைக் கொண்டு பம்பாயில் வாடியா குடும்பத்தார் ஆங்கிலக் கடற்படைக்குப் போர்க்கப்பல்கள் கட்டினர். அவற்றுள் ஒன்று 1817-இல் நீரில் இறங்கியது. அதற்கு இட்ட பெயர் நம் செவிக்கு இனியது: 'டிரிங்கோமலி', அதாவது திருகோணமலை. இரு நூற்றாண்டுகள் கழிந்தும் அக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

இவ்வாறு கட்டிய மரக்கலங்கள், இரும்புக் கப்பல்கள் வந்தபின் ஒவ்வொன்றாக உடைபட்டன. உடைத்தவர்கள் அவற்றின் தேக்கை வீணாக்க மனம் ஒப்பவில்லை. இலண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் காசில் என்னும் கப்பலுடைக்கும் நிறுவனத்தார், பழைய போர்க்கப்பல்களின் தேக்கைக் கொண்டு தோட்ட விசிப்பலகைகளும் நாற்காலிகளும் செய்து விற்றனர். நெடுங்காலம் கடலில் நனைந்த மரத்துக்கு இங்கிலாந்தின் தூறல் ஒரு பொருட்டா? அவை பூச்சின்றியே புல்வெளிகளில் கிடந்து வெள்ளிபோல் நரைத்தன. அந்நரையே தோட்டத்துக்கு அழகு என்ற சுவையும் நாளடைவில் அந்நாட்டில் ஊன்றிவிட்டது. இன்று உலகெங்கும் கடைகளில் விற்கும் தோட்டத்துத் தேக்கு இருக்கைகள் இம்மரபின் வழி வந்தவை.

ஆக, தேக்குக்கு இரு வகை முதுமை உண்டு என்று அறிகிறோம். இறவாரத்தின் கீழே நிற்கும் தேக்கு ஆண்டுகள் செல்லச் செல்லக் கறுத்துச் செம்பழுப்பாகிறது. வெயிலிலும் மழையிலும் நிற்கும் தேக்கு வெளுத்து நரைக்கிறது. ஒரே மரம் இவ்வாறு இருவேறு வண்ணம் கொள்வதன் காரணத்தை அறிவியல் தெளிவாகக் கூறுகிறது. மரத்தின் நார்களைப் பிணைத்து நிறுத்தும் பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பிலுள்ள லிக்னினைச் சிதைக்கின்றன. மழை படாத இடத்தில் சிதைந்த பொருள் அங்கேயே தங்குவதால் மரம் கறுக்கிறது. மழை படும் இடத்தில் அது கழுவுண்டு போக, வெளிறிய நார்கள் மட்டும் எஞ்சுகின்றன; அவற்றின்மேல் நுண்ணிய பூசணமும் சேர்ந்து சாம்பல் நிறத்தைத் தருகிறது.

இம்மாற்றம் மிக மெல்லிய மேற்படலத்தோடு நின்றுவிடுகிறது. வெயிலிலும் மழையிலும் கிடக்கும் பைன் போன்ற மென்மரங்களே நூறு ஆண்டில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான் தேய்வதாகக் கணக்கிட்டுள்ளனர். அடர்ந்த வன்மரங்கள் அதனினும் குறைவாகவே தேயும். உள்ளே இருக்கும் அகக்காழை நரை தீண்டுவதில்லை. அங்கே தேக்குக்கு இயற்கை தந்த காப்பு இருக்கிறது. டெக்டோகுவினோன் என்னும் பொருள் கறையானை விலக்குகிறது. இரப்பரை ஒத்த ஒரு பொருளும் எண்ணெய்ப் பசையும் நீரைத் தடுக்கின்றன. தேக்கை அறுக்கும் வாள் விரைவில் மழுங்குவதற்குக் காரணமான மணற்சத்தும் அதனுள் உண்டு.

எனவே நாற்காலி உளுத்துவிட்டதா, வெறுமனே நரைத்திருக்கிறதா என்று அறிவது எளிது. கண்ணில் படாத ஓர் அடிப்பகுதியில் கத்தி முனையால் இலேசாகச் சுரண்டுக. சாம்பல் நிறத்துக்கு அடியில் உடனே பொன்னிறம் தோன்றினால் மரம் நலமாயிருக்கிறது. முனை மெத்தென்று உள்ளே இறங்கினால் மட்டுமே கவலைக்கு இடமுண்டு.

வார்னிஷின் செய்தி யாது? வீட்டினுள் இருக்கும் பொருளுக்கு மெருகு பூசுவதில் தவறேதும் இல்லை. வெளியில் கிடக்கும் பொருளுக்கோ அது வேறு கதை. ஒளி ஊடுருவும் வார்னிஷின் வழியே கதிரவனின் கதிர்களும் ஊடுருவி, அடியிலுள்ள மரத்தின் மேற்பரப்பைச் சிதைக்கின்றன. மரம் மழையில் ஊதி வெயிலில் சுருங்க, இறுகிய படலம் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் வெடிக்கிறது. தேக்கின் எண்ணெய்ப் பசையால் பூச்சு நன்கு பற்றுவதும் இல்லை. வெடிப்பின் வழியே உள்ளே புகுந்த நீர் எளிதில் வெளியேறாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு தோல் உரிவது போல் வார்னிஷ் உரியும். உரிந்ததைச் சுரண்டி மறுபடி பூச வேண்டும். கதிர் தடுக்கும் உயர்ந்த வார்னிஷ்களும் உண்டு. அவற்றையும் கடுவெயிலில் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிடில் இதே நிலைதான். ஒவ்வொரு முறை சுரண்டும்போதும் நரை தின்னாத மரத்தை உப்புத்தாள் தின்றுவிடுகிறது.

எண்ணெய் இவ்வாறு உரிவதில்லை. ஆனால் 'தேக்கு எண்ணெய்' என்று கடையில் விற்பது பெரும்பாலும் தேக்கிலிருந்து எடுத்ததன்று. ஆளிவிதை எண்ணெய் முதலியவற்றின் கலவையே. பூசிய சில மாதங்கள் பொன்னிறம் மீளும். வெயிலில் அது விரைவில் மறையும். ஈரம் மிகுந்த ஊர்களில் ஆளிவிதை எண்ணெய் பூசணத்துக்கு உணவாகிக் கரும்புள்ளிகளைத் தருவதும் உண்டு. கொடிமரத்துக்குப் பல மாதங்கள் ஊறிய எண்ணெயும், நாற்காலிக்கு ஒரு மாலைப்பொழுதில் தடவும் எண்ணெயும் ஒன்றாகா.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். பழந்தேக்குக்குப் பொருந்துவன எல்லாம் இன்று கடையில் வாங்கும் தேக்குக்குப் பொருந்திவிடா. கப்பலுக்கும் இருப்புப் பாதைக்குமாக 19-ஆம் நூற்றாண்டில் மலைக்காடுகள் பெரிதும் அழிந்தன. ஆனைமலையில் வெட்டிய தேக்குக் கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே இன்றும் டாப் ஸ்லிப் என்னும் பெயரோடு விளங்குகிறது. காடு குறைந்ததும் நட்டு வளர்க்கும் முயற்சி பிறந்தது. 1840-களில் மலபார்க் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் தொடங்கினார். விதையை முளைக்கச் செய்து அதை வெற்றியாக்கியவர் சாத்து மேனன். திருவிதாங்கூரில் 1866-இல் கோன்னியில் தேக்கு நடவு தொடங்கியது. 1888-இல் கோன்னி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது.

தோட்டத் தேக்கை இன்று இளமையிலேயே வெட்டிவிடுகின்றனர். இளமரத்தில் அகக்காழ் சிறிது. அதைச் சுற்றியுள்ள வெள்ளை பெரிது. வெள்ளைப் பகுதிக்குத் தேக்கின் பெயர் உண்டே தவிர அதன் காப்பு இல்லை. அதைக் கறையானும் பூசணமும் விட்டுவைப்பதில்லை. எனவே புதிதாக வாங்குவோர் பூச்சைப் பற்றிக் கேட்குமுன், மரத்தில் வெள்ளை எவ்வளவு என்று நோக்குதல் வேண்டும். முதிர்ந்த தேக்கு எத்தகையது என்று காண விரும்புவோர், பொள்ளாச்சி வழியே டாப் ஸ்லிப் கடந்து பறம்பிக்குளம் செல்லலாம். கேரள எல்லைக்குள் இருந்தும் தமிழகத்தின் வழியே சென்றடையும் அக்காட்டில், கன்னிமாரா என்னும் தேக்கு நிற்கிறது. அதன் அகவை 450 ஆண்டுக்கு மேல் என மதிப்பிடுவர். சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர்.

இனி நம் மாடியில் நிற்கும் நாற்காலிக்குத் திரும்புவோம். பொன்னிறத்தோடு அது இருக்க வேண்டுமெனில் கூரைக்குக் கீழே கொண்டு செல்வதே உறுதியான வழி. டில்லியில் மழை குறைவாயினும் வெயில் கடுமை. நேர்வெயிலில் வைத்த மரம் விரைவில் வறண்டு கீறல் விடும். மும்பையிலும் திருவனந்தபுரத்திலும் மழைக்காலத்தில் அதனை நனையாத இடத்துக்கு மாற்றுவது நன்று. மாற்ற இயலாதாயின் பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடிவிடலாகாது. உள்ளே புழுங்கி வேர்த்துப் பூசணம் பிடிக்கும். கால்களின் கீழே கல்லோ ஓட்டுத் துண்டோ வைத்து உயர்த்துக. நீர் மிகுதியாக ஏறுவது மரத்தின் வெட்டு முனைகளின் வழியேதான். எனவே கால்களின் அடியில் மட்டும் தேன்மெழுகை உருக்கித் தேய்ப்பது பயன் தரும். தளர்ந்த மூட்டுகளைத் தச்சரிடம் காட்டி இறுக்கிக்கொள்க. ஆணி வேண்டுமாயின் பித்தளையாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை சிறிது சவர்க்கார நீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு, இரேகை ஓடும் திசையிலேயே கழுவி நிழலில் உலர்த்துக. இதற்குமேல் அதற்கு எதுவும் வேண்டுவதில்லை.

உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் ஒருமுறை அந்நாற்காலியின் நீண்ட கைகளைத் தடவிப் பார்ப்போம். எத்தனையோ ஆண்டுகளாக ஒருவர் கை வைத்து வைத்து, அவ்விடம் சற்றே குழிந்து வழவழப்பாகியிருக்கும். நரையைப் போக்கத் தேய்த்தால் அக்குழிவும் தேய்ந்துவிடும். மறுபடி வெயிலில் வைத்தால் நரை ஓராண்டில் திரும்பிவிடும். குழிவு திரும்புவதற்கோ இன்னொரு வாழ்நாள் வேண்டும். ஆகவே அதைக் கழுவி, உலர்த்தி, கால்களுக்குக் கல் வைத்து, கூரை நிழலில் இட்டு, நாமும் அதில் அமர்வோமாக.